ஏழாம் நம்பர் மெஷினில் பழகிய கை

1. கண்ணை மூடி அடித்த காலம்

வில்லியனூர் கடைத்தெருவில் ஒரு ஆன்லைன் சென்டரில் பத்தொன்பது வருஷம் வேலை பார்த்தேன். சாதிச் சான்றிதழ், ரேஷன் கார்டு திருத்தம், பட்டா நகல், கல்லூரி விண்ணப்பம் எல்லாம் அங்கிருந்த மூன்று கம்ப்யூட்டரில்தான் நடக்கும். ஊர்க்காரர்களுக்கு நான் டைப்பு அக்கா. தேன்மொழி என்ற பேர் ஆதார் கார்டில் மட்டும் இருந்தது. கண் பார்வை மங்கியதும் வேலையை விட்டுவிட்டேன்.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிற பெண்கள் இன்றைக்கும் போன் போட்டுக் கேட்பது ஒன்றுதான். "கஸ்டமருக்கு இன்னா பாஸ்வேர்டு போடுறது அக்கா?" ஒரு வரியில் பதில் சொல்லிவிடலாம். ஒரு வரியில் சொன்னால் நீங்கள் கேட்க மாட்டீர்கள். நானே கேட்டிருக்க மாட்டேன். அதனால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் முதலாளி ஒரு நீல நோட்டைக் கையில் கொடுத்தார். துணிக்கடைக் குடும்பம் அவருடையது. கடையில் பாதியைத் தடுத்துக் கம்ப்யூட்டர் போட்டிருந்தார். நோட்டைத் திறந்தால் வந்த கஸ்டமர் எல்லாருடைய பாஸ்வேர்டும் அதில் வரிசையாக இருந்தது. எல்லாம் ஒரே மாதிரி. பேர், பிறகு 123.

"இன்னா மொதலாளி இது? பேரு தெரிஞ்சவன்லாம் தெறந்துடுவானே" என்றேன்.

"தெறந்து இன்னாத்தம்மா எடுக்கப் போறான்? ரேஷன் அரிசியா? மறந்துட்டு வந்து நம்ம தலைய உருட்டுவாங்க. அதுக்குத்தான் நோட்டு."

அந்த நோட்டை அன்றைக்கே மேல் பரணில் போட்டேன். எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு. டைப்ரைட்டிங்கில் இங்கிலீஷ், தமிழ் இரண்டும் பாஸ் செய்தவள். கஸ்டமர் எதிரே உட்கார்ந்ததும் கண்ணை மூடிக்கொள்வேன். கை போன போக்கில் பதினோரு, பன்னிரண்டு எழுத்து தட்டுவேன். அதை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டு, கடையில் எங்கும் எழுதி வைக்காமல் விட்டுவிடுவேன். அதில் அர்த்தம் கிடையாது. என்னாலேயே திருப்பிச் சொல்ல முடியாது. இதைவிட என்ன பாதுகாப்பு வேண்டும் என்று நினைத்தேன்.

"கண்ண மூடிகினு அடிக்குது பாரேன்" என்று ஜனங்கள் வாயைப் பிளப்பார்கள். எனக்கும் உள்ளுக்குள் குளிர்ந்துபோகும். இப்படியே நூற்றுக்கணக்கான பேருக்குச் சீட்டு கொடுத்திருப்பேன்.

2. ஒன்றாம் இடத்தில் இருந்தது ஒன்பதாம் இடத்தில்

ஒதியம்பட்டு அபிநயா ஒரு திங்கட்கிழமை வந்தாள். பன்னிரண்டாம் வகுப்பு முடித்து நர்சிங் படிப்புக்கு விண்ணப்பித்திருந்தாள். நெல்லும் கரும்பும் வைத்திருக்கிற குடும்பம். அப்பா, சித்தப்பா, சித்தி எல்லாரும் ஒரே வீடு. அம்மா இல்லை. சேர்க்கை இணையதளத்தில் எந்தக் கல்லூரி முதலில் வேண்டும், எது இரண்டாவது என்று வரிசை போட வேண்டும். ஒன்பது கல்லூரி போட்டோம். அவள் மார்க்குக்கு நிச்சயமாகக் கிடைக்கக்கூடியதும், அவள் அப்பாவால் கட்ட முடிந்ததும் காரைக்காலில் இருக்கிற ஒன்றுதான். அதை ஒன்றாம் இடத்தில் வைத்தோம். மற்ற எட்டும் பேருக்கு.

"வேற எதுனா வந்துச்சின்னா?" என்றேன்.

"அவ்ளோதான்க்கா. படிப்பு வேணாம், கல்யாணத்த முடிச்சிடலாம்னு அப்பா சொல்லிட்டாரு" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள், ஆனால் தாவணி நுனியை விரலில் சுற்றிச் சுற்றி இறுக்கிக்கொண்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணி வரை வரிசையை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். ஐந்துக்கு என்ன வரிசை இருக்கிறதோ அதுவே முடிவு. முன்கூட்டிப் பூட்டி வைக்கிற வசதி அந்தத் தளத்தில் இல்லை. போனுக்கு எண் அனுப்பிச் சரிபார்ப்பதும் கிடையாது. பாஸ்வேர்டு தெரிந்தால் உள்ளே போகலாம். அந்தப் பாஸ்வேர்டையும் மூன்று முறைதான் மாற்ற விடுவார்கள். வழக்கம்போல் கண்ணை மூடி ஒன்று அடித்து, சீட்டில் எழுதிக் கொடுத்தேன்.

புதன்கிழமை எதற்கோ பிரிண்ட் எடுக்க வந்தாள். பக்கத்தைத் திறந்தேன். காரைக்கால் ஒன்பதாம் இடத்தில் இருந்தது. மற்ற எட்டும் அப்படியே ஒவ்வொரு படி மேலே ஏறி உட்கார்ந்திருந்தன.

பக்கத்தின் மேலே சிறிய எழுத்தில் இரண்டு வரி வரும். கடைசியாக உள்ளே வந்த நேரம், அந்தப் பாஸ்வேர்டு போட்டதிலிருந்து எத்தனை தவறான முயற்சி என்று. செவ்வாய் பகல் பதினொன்று நாற்பது. தவறான முயற்சி பூஜ்யம்.

"நீதான் வூட்ல தொட்டுட்டியா?"

"அய்யோ, சத்தியமா இல்லக்கா. செவ்வாக்கெழம பூரா அப்பாகூட பாகூர் போயிருந்தேன்."

வரிசையைச் சரி செய்து பாஸ்வேர்டை மாற்றினேன். இந்த முறை சீட்டை மடித்துப் போன் கவருக்குள் வைத்துக்கொள்ளச் சொன்னேன். கவரைப் போட்டு மூடுகிற வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

வியாழக்கிழமை காலை திறந்தால் காரைக்கால் மறுபடியும் ஒன்பதில். தவறான முயற்சி மூன்று. நாலாவது தடவையில் உள்ளே வந்திருக்கிறார்கள்.

முதலாளிக்கு முகம் வெளுத்துவிட்டது. "நம்ம மெஷின்ல எதோ பூந்துகிச்சிம்மா" என்று மதகடிப்பட்டிலிருந்து சர்வீஸ் ஆளை வரவழைத்து, மூன்று கம்ப்யூட்டரையும் துடைத்துப் புதிதாக எல்லாம் ஏற்ற வைத்தார். அந்த ஆள் போன பிறகு ஒரு எலுமிச்சம்பழத்தில் குங்குமம் தடவி மானிட்டருக்குப் பக்கத்தில் வைத்தார். நான் முறைத்தேன். "இருக்கட்டும்மா, அது ஒண்ணும் கரண்ட் இழுக்காது" என்றார்.

துடைத்த கம்ப்யூட்டரில் உட்கார்ந்து மூன்றாவது பாஸ்வேர்டு போட்டேன். அதைச் சீட்டில் எழுதவில்லை. அபிநயாவிடம்கூடச் சொல்லவில்லை. உண்மையைச் சொன்னால் எனக்கே அது தெரியாது, என் விரலுக்குத்தான் தெரியும்.

3. பூஜ்யம்

வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்குத் திறந்தேன். அபிநயா பக்கத்து ஸ்டூலில் இருந்தாள்.

காரைக்கால் ஒன்பதில் இருந்தது. கடைசியாக உள்ளே வந்த நேரம் பத்து ஐம்பது. தவறான முயற்சி பூஜ்யம்.

அந்தப் பூஜ்யத்தையே பார்த்தேன். முந்தின நாள் மூன்று தடவை தடுமாறிய ஆள், இன்றைக்கு ஒரு எழுத்துகூடப் பிசகாமல் நேராக உள்ளே வந்திருக்கிறார். நான் யாருக்கும் சொல்லாததை, எங்கும் எழுதாததை. நல்ல வெயில் நேரம், தெருவில் பஸ் ஹாரன், கடையில் நாலு பேர் நிற்கிறார்கள். எனக்கு மட்டும் யாரோ கழுத்துக்குப் பின்னால் நின்று என் கையைப் பார்ப்பது போலிருந்தது. உண்மையாகவே ஒரு தடவை திரும்பிப் பார்த்தேன். காலண்டர்தான் இருந்தது.

அபிநயா அழ ஆரம்பித்தாள். "எனக்கு விதியே இல்லக்கா" என்றாள்.

"வாய மூடு. விதி வந்து மவுசப் புடிச்சி நகத்தாது. ஆள் கீது" என்றேன்.

மீதி இருந்தது ஒரே ஒரு மாற்றம். அதையும் கண்ணை மூடி அடித்தால் என்ன ஆகும் என்று யோசித்தேன். அந்த ஆள் அதையும் அடிப்பார். நான் அடிக்கப்போவது அவருக்கு முன்பே தெரிந்திருக்கிறது. அப்படியானால் அது என் கையில் எங்கேயோ எழுதியிருக்கிறது.

ஒரு வெள்ளைத் தாளை எடுத்தேன். கண்ணை மூடி, கை போன போக்கில், இதுவரை போட்ட மூன்றையும் ஒவ்வொன்றாகக் கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்துத் தாளில் ஒன்றன் கீழ் ஒன்றாக எழுதினேன். முதலாவது:

Asdff;lkjhj7

டைப்ரைட்டிங் படித்தவர்கள் யாரும் இதை மறக்க மாட்டார்கள். முதல் பாடம், நடு வரிசை. இரண்டாவது பாஸ்வேர்டு மேல் வரிசைப் பாடம். மூன்றாவது கீழ் வரிசைப் பாடம். மாஸ்டர் சொல்லிக்கொடுத்த அதே வரிசையில், என் கை இருபத்தைந்து வருஷத்துக்கு முந்திய பாடத்தை ஒப்பித்துக்கொண்டிருந்திருக்கிறது. நான் அதைக் கண்டபடி அடிப்பதாக நினைத்துப் பெருமைப்பட்டிருக்கிறேன்.

ஆனால் பாடத்தில் f ஒரு தடவை, அப்புறம் g, மறுபடி f என்று வரும். என்னுடையதில் g இல்லை. எதை அடித்தாலும் இடது கை திரும்பி வந்து f-ஐ இரண்டு தட்டுத் தட்டியிருந்தது. கடைசியில் ஒரு 7.

நான் படித்தது பாகூரில் ஒரு இன்ஸ்டிடியூட். காலை ஆறு மணி பேட்ச். எனக்குக் கொடுத்தது ஏழாம் நம்பர் மெஷின். அதில் g சிக்கிக்கொண்டு எழாது. "அத வுடுங்க, f-ஐ ரெண்டு தரம் தட்டினு போங்க" என்று மாஸ்டர் சொல்லிவிட்டார். மற்ற மெஷினில் படித்த யாருக்கும் இந்தப் பழக்கம் வராது. ஏழாம் மெஷினில் காலையில் உட்கார்ந்தது இரண்டே பேர். ஆறு மணிக்கு நான். ஏழு மணிக்கு வசந்தா என்று ஒரு பெண்.

அவள் எப்போதும் கால் மணி நேரம் முன்னாலேயே வந்துவிடுவாள். வந்து எனக்குப் பின்னால் நிற்பாள். பேச மாட்டாள். என் விரலையே பார்த்துக்கொண்டிருப்பாள். நான் எழுந்ததும் சூடு ஆறாத ஸ்டூலில் உட்கார்ந்து நான் விட்ட இடத்திலிருந்து அடிப்பாள். ஒரு வருஷம் இப்படி. பரீட்சைக்கு முன்னால் அவளுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது என்று கேள்விப்பட்டேன். அதோடு சரி.

"அபி, உங்க வூட்ல யாருக்குனா டைப்பிங் தெரியுமா?"

"சித்திக்குத் தெரியுமே. பாகூர்ல கத்துகிச்சாம். தம்பிக்கு ஸ்கூல்ல குடுத்த லேப்டாப்ல சும்மா டக்கு டக்குனு அடிச்சினு இருக்கும்."

"சித்தி பேரு?"

"வசந்தா."

அவள் புத்திசாலிப் பெண். தாளையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். "சித்திதான்க்கா எனக்கு அஞ்சு வயசிலேருந்து தல வாரி வுடுது" என்றாள். அப்புறம், "எனக்குத் தெரிஞ்சிபோச்சின்னு அதுகிட்ட சொல்லாதீங்க" என்றாள்.

4. பிஸ்கட் டின்

மணி மூன்று. பழைய விண்ணப்பத் தாள்களை ஒரே அளவில் சின்னச் சின்னதாகக் கத்தரித்தோம். ஒவ்வொன்றிலும் ஒரு எழுத்து. சிறிய எழுத்து, பெரிய எழுத்து, எண்கள். சின்ன எல், பெரிய ஓ என்று எண்ணோடு குழப்புகிற சில எழுத்தை மட்டும் விட்டுவிட்டேன். எல்லாவற்றையும் ஒரே மாதிரி மடித்துக் காலி பிஸ்கட் டின்னில் போட்டேன்.

முதலாளி எட்டிப் பார்த்தார். "இன்னாம்மா, திருவுளச் சீட்டா? அது கோயில்லதான் போடுவாங்க."

"கோயில்ல போட்டா சாமி எடுக்கும் மொதலாளி. இங்க யாரு மனசும் எடுக்கக் கூடாது. என் மனசும் கூடாது, இவ மனசும் கூடாது. அதான் வேணும்."

"யாருமே எடுக்காத சீட்டா!" என்றார். அப்புறம் என்ன நினைத்தாரோ, எலுமிச்சம்பழத்தை எடுத்து டின்னுக்குப் பக்கத்தில் நகர்த்தி வைத்தார்.

அபிநயா குலுக்கி ஒன்று எடுப்பாள். எழுதிக்கொண்டு அதை மறுபடி மடித்து உள்ளே போட்டுக் குலுக்குவாள். எடுத்ததைத் திரும்பப் போடாவிட்டால் வந்த எழுத்து மறுபடி வராது என்று ஆகிவிடும். இப்படிப் பதினைந்து தடவை. நடுவில் ஒரே எழுத்து அடுத்தடுத்து இரண்டு முறை வந்தது. "இது வேணாம்க்கா, வேற எடுக்கட்டா?" என்றாள். "வந்தத வுடு. புடிச்சத எடுத்தா அது உன் கை ஆயிடும்" என்றேன்.

தட்டுவதற்குள் எனக்கு வேர்த்துவிட்டது. என் விரல் அந்த எழுத்துகளுக்குப் போகவே மறுத்தது. சீட்டில் 1 வந்திருந்தது. கை தானாகப் போய் சின்ன எல் எழுத்தைத் தட்டியது. அந்தப் பழைய மெஷினில் ஒன்றுக்குத் தனி விசையே கிடையாது, எல் எழுத்தைத்தான் அடிப்போம். உறுதிசெய்யும் இரண்டாவது கட்டத்தில் சரியாக 1 விழுந்துவிட, இரண்டும் ஒரே மாதிரி இல்லை என்று தளம் திட்டியது. மறுபடி ஒற்றை விரலால், குழந்தை எழுத்துக் கூட்டுகிற மாதிரி, ஒவ்வொன்றாகத் தேடித் தட்டினேன். ஏற்றுக்கொண்டது. காரைக்காலை ஒன்றில் வைத்தேன்.

மூன்றரைக்கு வெளியே வந்து மறுபடி உள்ளே போனேன். தவறான முயற்சி பூஜ்யம்.

நாலு மணிக்கு: நான்கு.

நாலரைக்கு: ஒன்பது.

கடையில் கூட்டம் இல்லை. மூன்று பேரும் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தோம். சத்தம் எதுவும் கேட்கவில்லை, ஆனால் எனக்குக் காது முழுக்க ஏழாம் மெஷின் அடித்தது. ஒதியம்பட்டில் ஒரு வீட்டில் ஒருத்தி உட்கார்ந்து என் விரலைத் தேடிக்கொண்டிருக்கிறாள் என்று தெரிந்தது. அபிநயா என் கையை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

ஐந்தடிக்க இரண்டு நிமிஷம்: பதினேழு.

ஐந்துக்குப் பக்கம் சாம்பல் நிறமாகி உறைந்தது. காரைக்கால் ஒன்றாம் இடத்தில். முதலாளி நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். அபிநயா எழுந்து, "நான் கௌம்புறேன்க்கா. லேட்டா போனா சித்தி தேடும்" என்றாள்.

5. என் நாற்காலியில் கேட்ட சத்தம்

அவளுக்கு இடம் கிடைத்தது. அவள் காரைக்கால் போன அடுத்த வாரம் ஒரு மத்தியானம், நான் பீரோவில் எதையோ தேடிக்கொண்டிருந்தேன். எனக்குப் பின்னால் என் நாற்காலியிலிருந்து நான் டைப் அடிக்கிற சத்தம் கேட்டது. அதே வேகம். வரி முடிகிற இடத்தில் அதே இரண்டு தட்டு.

கை பீரோக் கதவிலேயே நின்றுவிட்டது. நான் இங்கே நிற்கிறேன், அங்கே அடிப்பது யார் என்று ஒரு நொடி நிஜமாகவே எனக்குத் தெரியவில்லை. திரும்ப பயமாக இருந்தது. திரும்பினேன்.

தலை பாதி நரைத்த ஒரு பெண் கண்ணை மூடிக்கொண்டு அடித்துக்கொண்டிருந்தாள்.

"இன்னா தேனு, எழுந்துக்கவே இல்லையே இன்னும்? ஏழு மணி ஆயிடிச்சி" என்றாள் வசந்தா.

இருபத்தைந்து வருஷத்தில் அவள் என்னிடம் பேசிய முதல் பேச்சு அது. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "ஒரு பொண்ணோட வாழ்க்கடி அது! வெளையாட்டா உனக்கு?" என்று கத்திவிட்டேன்.

அவள் மறுக்கவில்லை. "அவ புஸ்தகத்துல சீட்டப் பாத்தேன். பாத்ததும் வெரலு துடிச்சிது. சும்மா அடிச்சிப் பாக்கலாம்னுதான் அடிச்சேன், தெறந்துகிச்சி. பாத்தா காரைக்கால் மொதல்ல இருக்குது. அவ பூட்டான்னா அந்த வூட்ல எங்கூடப் பேச யாரு இருக்கா சொல்லு? ஆம்பளைங்கல்லாம் சரின்னுட்டாங்க. என்னய யாரு கேட்டா? கல்யாணம்னா பக்கத்து ஊர்லதான் குடுப்பாங்கன்னு கீழ தள்ளிட்டேன்." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "தப்புதான். போற அன்னிக்கு அவ தலய வாரி வுட்டேன். அவ ஒண்ணுமே கேக்கல. அதான் தாங்க முடியல."

நான் ஸ்டூலை இழுத்துப் போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"ஒரு மெயில் ஐடி போட்டுக் குடு. அவளுக்கு எழுதணும். போன்ல பேசுனா அழுகதான் வருது, டைப் அடிச்சா வராது" என்றாள். பிஸ்கட் டின்னை எடுத்து அவள் முன்னால் வைத்தேன். ஒவ்வொரு சீட்டாக எடுத்தாள். தட்டும்போது அவளுக்கும் விரல் தடுமாறியது. ஒன்றுக்குப் பதில் எல் எழுத்தையே தட்டினாள். இரண்டு பேரும் சிரித்துவிட்டோம்.

அதற்குப் பிறகு நான் சீட்டு கொடுத்தவர்களையெல்லாம் கூப்பிட்டு மாற்றிக் கொடுத்தேன். எனக்கு மூன்று மாதம் ஆனது. "நீ குடுத்தத ஒரு வருஷமா மனப்பாடம் பண்ணேன், இப்ப மாத்துன்றியே" என்று திட்டு வாங்கியதுதான் மிச்சம். புதிதாக வருகிறவர்களே, உங்களுக்குச் சொல்வது இதுதான். உங்கள் மனசும் கையும் கண்டபடி எதையும் செய்யாது, பழகியதைத்தான் செய்யும். பழகியதை உங்கள் கூடப் பழகியவர்கள் அறிவார்கள். சீட்டுப் போடுங்கள், இல்லை கம்ப்யூட்டரையே எடுக்கச் சொல்லுங்கள். வந்ததைத் திருத்தாதீர்கள். அடிக்கும்போது விரல் தடுமாறினால் அது நல்ல பாஸ்வேர்டு.

அன்றைக்கு வசந்தா கிளம்பும்போது வாசல்படியில் நின்றாள்.

"மொத சீட்டப் பாத்தப்பவே தெரிஞ்சிபோச்சி தேனு, நீ எங்கயோ கிட்டதான் இருக்கன்னு. ஒவ்வொரு வாட்டி தெறக்கும்போதும் உன் பின்னால நிக்கிற மாதிரியே இருக்கும். கடைசி நாளு பதினேழு தரம் தட்டுனேன். எதுலயும் உன் கை இல்ல" என்றாள். "பயந்தே பூட்டேன். நீ செத்துட்டன்னு நெனச்சிட்டேன்."